வாரண்டிக்குப் பதினான்கு நாள்

செப். 14, ஞாயிறு

காலையிலிருந்து புகைமூட்டம், அக்கரையில் காடு எரிகிறதாம். எதிர் வரிசை வீடுகள்கூடத் தெளிவில்லை. துணி காயப்போடவில்லை.

இந்த நோட்டு தொழிற்சாலையில் கொடுத்தது. மாதக் கடைசியில் மூடுகிறார்கள் அல்லவா, அதற்காக ஓர் ஆலோசகர் அம்மாவை வரவழைத்துப் பேசச் சொன்னார்கள். தினமும் மனதில் பட்டதை எழுதுங்கள், பாரம் குறையும் என்றார். ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா. என் மனதில் எதுவும் படவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

பூசை முடிந்து மகள் பெக்கிக்குக் கணினி வாங்கப் போனோம். அவளுக்கு வடக்கே கெடா மாநிலத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நாலு வருடம். மடிக்கணினி இல்லாமல் முடியாதாம். நான், பெக்கி, என் வீட்டுக்காரர் ஜோசப். (இனி ஜோ. என்றே எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை, விரல் வலிக்கிறது.)

கடையில் கோமதி. முன்பு தொழிற்சாலையில் என் பக்கத்து மேசை. இரண்டு வருடம் முன்பே நின்று, இப்போது பெர்மாஸ் ஜெயா கடையில் விற்பனை. சிவப்புச் சட்டை. உதட்டுச்சாயம். நன்றாக இருக்கிறாள்.

"லூசியாக்கா, இதுக்கு கம்பெனி வாரண்டி ரெண்டு வருஷம் இருக்கு. மேல ரெண்டு வருஷம் எக்ஸ்டென்டட் எடுத்தீங்கன்னா மொத்தம் நாலு. பாப்பா படிச்சி முடிக்கிற வரைக்கும் கவலை இல்ல லா."

அதன் விலை, கணினி விலையில் ஆறில் ஒரு பங்கு.

"எடுத்துடு லூசி. மனசுக்கு நிம்மதி," என்றார் ஜோ.

பெக்கி கையில் கைப்பேசி.

"யோசிச்சி சொல்றேன்," என்றேன்.

"பதினாலு நாள் டைம் இருக்குக்கா. இருபத்தெட்டாம் தேதி வரைக்கும். பில்ல எடுத்துக்கிட்டு வாங்க."

திரும்பி வரும்போது கோழி, பெரிய வெங்காயம், சோப்பு.


செப். 15, திங்கள்

ஐந்தேகால் அலாரம். ஆறு மணி பஸ். புகை. பஸ்ஸில் பாதிப் பேர் முகக்கவசம். பின் இருக்கையில்:

"ஒண்ணாந்தேதியிலேருந்து நான் எட்டு மணி வரைக்கும் தூங்கப்போறேன் லா."

"எத்தன நாளைக்கு?"

யாரோ ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள்.

நாங்கள் செய்வது மடிக்கணினி சார்ஜர். என் வேலை செய்வதல்ல. கெட்டுப்போய்த் திரும்பி வருவதைப் பிரித்துப் பார்த்து, எதனால் கெட்டது என்று தாளில் எழுதுவது. இருபத்தேழு வருடத்தில் கடைசி இருபது இந்த மேசையில்தான். பார்த்தவை: எறும்பு. துரு. ஈயம் சரியாகப் பிடிக்காதது. ஒரு தடவை மெர்சிங்கிலிருந்து வந்த பெட்டியில் முழுப் பல்லி, கருவாடு மாதிரி.

இவ்வளவு வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். சாமான் கெடுவதென்றால் வந்த புதிதில் கெடும். அதைத் தாண்டினால் ரொம்ப நாள் ஓடும். அப்புறம் கிழடு தட்டிக் கெடும். நடுவில் கெடுவது குறைவு. கடை காசு வாங்குவது அந்த நடு வருடங்களுக்கு. இது கோமதிக்கும் தெரியும்.

அப்படியென்றால் நேற்றே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை.

மூன்றாம் வரிசை இயந்திரங்களைக் கழற்றி மரப்பெட்டியில் போடுகிறார்கள். வியட்நாமுக்கு. நாற்காலிகள் போகாதாம்.


செப். 16, செவ்வாய்

மலேசிய தினம், விடுமுறை. பத்து மணிக்கு மழை. புகை கொஞ்சம் இறங்கியது. ஜோ. வேலைக்குப் போய்விட்டார், பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு விடுமுறை எல்லாம் கப்பலைப் பொறுத்தது.

வாரண்டித் தாளைப் படித்தேன். எட்டுப் பக்கம், பொடி எழுத்து. இதிலெல்லாம் கெட்டால் பொறுப்பில்லையாம்:

தண்ணீர் கொட்டினால்
கீழே விழுந்தால்
எறும்பு, பூச்சி, பல்லி
இடி, மின்னல்
பேட்டரி தேய்ந்தால்
வேறு யாராவது திறந்து பார்த்திருந்தால் (நான் திறப்பேன்)

பொறுப்பு உண்டு என்பது அரைப் பக்கம்.

பெக்கி கணினியை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. மேசைமேல் பிளாஸ்டிக் சுற்றியபடி. புதிதில் கெடுவதானால் இப்போதே கெடட்டும் என்று நானே எடுத்து, சாயங்காலம் வரை ஓடவிட்டேன். சூடு சரி. விசிறிச் சத்தம் சரி. சார்ஜர் எங்களுடையது இல்லை.

"வாரண்டி எடுக்கலாமா, என்ன சொல்ற?" என்று கேட்டேன்.

"நாலு வருஷம்லாம் தேவைப்படாதும்மா."

"ஏன்?"

"அதுக்குள்ள வேற புதுசு வந்துடும்."

சரி என்றேன். கீரை ஆய்ந்தேன்.


செப். 18, வியாழன்

சாயங்காலம் மழை வருகிற இருட்டு. வேலைவிட்டு வந்து, வீட்டுப் பின்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெக்கி அறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். போனில் ஷாலினியோடு பேச்சு. பள்ளித் தோழி; இப்போது சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டுகிறாள்.

"பெர்மிட் வந்துட்டா அக்டோபர்லயே ஸ்டார்ட் பண்ணிடுவேன் ஷாலு... ரெண்டு வருஷம்தான், அப்பறம் படிச்சிக்கலாம்... இல்ல, அம்மாகிட்ட இன்னும் சொல்லல. அவங்க மூஞ்சியப் பாத்தா சொல்ல வரல."

மடித்தது: துண்டு 4. ஜோ. சீருடை 2. பெக்கி டீசட்டை 5. என் வேலை அங்கி 1.

எல்லாவற்றையும் மடித்து முடித்தேன். உள்ளே போய் அரிசி களைந்தேன். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. கண்ணாடியில் மூஞ்சியைப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது.

நெத்திலி சம்பால். உப்பு குறைவு என்றார்கள். எனக்குத் தெரியவில்லை.


செப். 20, சனி

வெயில். ஜோ. வாசலில் காடியை நிறுத்திக் கழுவினார். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்தேன்.

"பெக்கி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறாளாம்," என்றேன்.

துடைப்பதை அவர் நிறுத்தவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

"ஒங்கிட்ட சொல்லிட்டாளா?"

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வாரமாச்சி. அம்மாகிட்ட சொல்லிடுன்னுதான் சொன்னேன். அவதான், அம்மாவுக்கு வேலை முடியட்டும்பா, அதுவரைக்கும் வேணான்னா."

"அப்பறம் எதுக்குக் கடையில நாலு வருஷத்துக்கு எடுக்கச் சொன்னீங்க?"

"வேணான்னு சொன்னா நீ ஏன்னு கேப்ப."

துணியைப் பிழிந்தார். மறுபடி நனைத்தார்.

"எனக்கும் அம்பத்தாறு ஆச்சி லூசி. முட்டி வலி. அந்த வண்டியில இன்னும் எத்தன வருஷம் ஏறி இறங்க முடியும்? புள்ள தானா வந்து, நான் போறேம்பாங்குது. வேணான்னு சொல்லணும். வாய் வரல. தப்புதான்."

குழாயை மூடினேன். சண்டை போட வேண்டிய இடம் இதுதான். அது தெரிகிறது. "பின்பக்க டயர்ல காத்து கம்மியா இருக்கு," என்றேன். உண்மையிலேயே கம்மிதான்.

பெக்கியிடம் கேட்கவில்லை. வாரண்டிக்கு இன்னும் எட்டு நாள்.


செப். 22, திங்கள்

திரும்பி வந்த சரக்கில் இன்று கடைசிப் பெட்டி. பதினோரு சார்ஜர். பத்தில் வழக்கமான கோளாறு. பதினொன்றாவதில் ஒன்றுமே இல்லை. மூன்று தடவை சோதித்தேன். நன்றாக ஓடுகிறது. யாரோ சுவிட்சைப் போடாமலேயே கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தாளில் "குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை எங்கே வைப்பது என்று கேட்டேன். சூப்பர்வைசருக்கும் தெரியவில்லை.

மதியம் சூட்டறைக்குப் போனேன். புதிய சார்ஜர்களை இரண்டு நாள் சூட்டில் ஓடவிட்டு, பலவீனமானவற்றைக் கழிக்கிற அறை. இத்தனை வருடத்தில் அங்கே வேர்க்காமல் நின்றதில்லை. இன்று காலி. ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும். குளிர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். வேறு ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் கேக் வெட்டினார்கள். எதற்கு என்று தெரியவில்லை. ஒரு துண்டு பெக்கிக்கு எடுத்து வந்தேன்.

ஜோ.வுடன் பேச்சு குறைவு. சண்டை இல்லை. "டயருக்குக் காத்து அடிச்சிட்டேன்," என்றார்.


செப். 24, புதன்

கோமதி போன் செய்தாள். வேலைவிட்டுப் போகும் வழியில் அவள் கடைக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் பார்த்தேன். அவளுக்கு அரை மணி நேரம் ஓய்வு. எனக்குப் பால் இல்லாத தே ஓ. அவளுக்கு மைலோ.

"உண்மைய சொல்லட்டாக்கா? இந்த மாசம் எனக்கு இன்னும் மூணு வாரண்டி விக்கணும். அதனால எடுங்கன்னுதான் சொல்லணும். ஆனா நீங்க யாரு? ஒங்ககிட்ட போய் நான் என்ன கதை விடறது."

"இன்னும் முடிவு பண்ணல."

"ஐயோ அலமாக், நீங்களாக்கா? ஒரு சார்ஜர கையில எடுத்தாவே எதனால செத்துச்சின்னு சொல்லுவீங்க."

சிரித்தாள். நானும் சிரித்தேன். வாய் மட்டும்.

நின்ற பிறகு அவளுக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். இதுவரை கேட்டதே இல்லை. இரண்டு வருடம்.

"மொத மாசம் நல்லாத் தூங்குனேன். அப்பறம் ஒண்ணுமே இல்லக்கா. சிரிப்பும் இல்ல, அழுகையும் இல்ல. டீவியப் பாத்தா பாத்துக்கிட்டே இருப்பேன். ஒருநாள் பாசார்ல மீன் வாங்கறேன். மீன்காரரு மலாய்ல, இன்னிக்கு வேலை இல்லையான்னு கேட்டாரு. சும்மாதான் கேட்டாரு. அங்கயே நின்னு அழுதேன். மனுஷன் பயந்துட்டாரு. ரெண்டு மீன் கூடப் போட்டுக் குடுத்தாரு."

"எத்தன மாசம் கழிச்சி?"

"ஒரு வருஷம் இருக்கும்."

அப்போது பெக்கி விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல், ஷாலினி, பெர்மிட், ஜோ., எல்லாம். கோமதி மைலோவைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

"அவகிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"பின்ன யாருகிட்டக்கா கேக்கப்போறீங்க, எங்கிட்டயா?"

என் தே ஓவுக்கும் அவளே காசு கொடுத்துவிட்டு ஓடினாள். சிவப்புச் சட்டை முதுகில் வேர்வை.


செப். 26, வெள்ளி

கேட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன். பெக்கி கட்டிலில் கைப்பேசியோடு. நான் கதவுப் பக்கம் நாற்காலியில். துணிக்கூடை மடியில்.

"ஷாலினிக்கு வேலையெல்லாம் எப்படி இருக்காம்?"

நிமிரவில்லை. "அப்பா சொல்லிட்டாரா?"

"அப்பா சொல்லல. ஜன்னல் தொறந்திருந்திச்சி."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"யுனிவர்சிட்டிக்கு வரேன்னு பதில் போட்டுட்டேன்னியே?"

"போடல."

"கடைசி நாள் எப்போ?"

"முப்பது."

என் கடைசி நாளும் அதுதான்.

"நீங்க ரெண்டு பேரும் இங்க கஷ்டப்படுவீங்க, நான் அங்க போய் உக்காந்து படிக்கணுமாம்மா? ரெண்டு வருஷம்தான். அப்பறம் மறுபடியும் அப்ளை பண்ணிக்கலாம்."

"நானும் ரெண்டு வருஷம்னுதான் சொன்னேன்."

"எதுக்கு?"

"பத்தொம்பது வயசுல. எங்க ஊரு பாலோவுலேருந்து ஃபேக்டரி பஸ் ஏறி வந்தப்ப. அப்ப எனக்கு டீச்சர் ட்ரெய்னிங்குக்கு எடம் கெடச்சிருந்திச்சி. லெட்டர் வந்திச்சி. வீட்ல கஷ்டம். ரெண்டு வருஷம் வேலை செஞ்சிட்டு அப்பறம் போறேன்னு எங்கப்பாகிட்ட நானாத்தான் சொன்னேன். யாரும் போகச் சொல்லல."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. நல்ல வேலைதான். ஓவர்டைம் இருந்திச்சி. யாரும் என்னைப் புடிச்சி வைக்கல. அப்படியே இருந்துட்டேன்."

பெக்கி என்னைப் பார்த்தாள். நான் துண்டை மடித்தேன்.

"ஏம்மா இதச் சொன்னதே இல்ல?"

"யாரும் கேக்கல. நானும் மறந்துட்டேன்."

ஜோ.வுக்குக்கூடத் தெரியாது. சொல்லும்போது குரல் நடுங்கும் என்று நினைத்தேன். யாரோ ஒருத்தியின் விவரத்தைத் தாளில் எழுதுவது போலச் சொல்லி முடித்தேன்.

"நீ போறதும் போகாததும் ஒன் இஷ்டம். எங்களுக்காகப் போறேன்னு மட்டும் சொல்லாத. அது உண்மையா இருந்தாலும் பத்து வருஷம் கழிச்சி ஒனக்கே அது நெனப்பு இருக்காது."

பெக்கி எழுந்தாள். சாப்பிட வந்தாள். ரசத்தில் புளி அதிகம் என்று ஜோ. சொன்னார். ஆமாம், புளித்தது.


செப். 28, ஞாயிறு

நல்ல மழை பெய்து ஓய்ந்த காலை. வானம் வெளுத்திருந்தது.

இன்று வாரண்டிக்குக் கடைசி நாள். பூசையிலிருந்து வந்ததும் பில்லை எடுத்துப் பையில் வைத்தேன். வாங்குவதென்று முடிவு. வீண் என்று எனக்குத் தெரியும். காரணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. நாலு வருடத்துக்குத் தாள் இருந்தால் அவள் நாலு வருடம் போவாள் என்று ஓர் எண்ணம். இருபது வருடம் சார்ஜர் பிரித்துப் பார்த்தவள் நினைக்கிற நினைப்பு இல்லை. ஆனாலும்.

ஜோ. காடியை எடுத்தார். கிளம்பும்போது பெக்கி வந்து பின்னால் ஏறினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பாதி வழியில் மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்து, மூன்று பேரும் நிறுத்தினோம்.

ஜோ. காடியிலேயே இருந்துகொண்டார். கோமதி படிவத்தை எடுத்து வைத்தாள். பேர், அடையாள அட்டை எண், கணினி எண். பேனாவைத் திறந்தேன். பெக்கி படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, எட்டுப் பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். பின்னால் இரண்டு பேர் வரிசையில்.

"இது வேணாம்மா," என்றாள்.

"நாலு வருஷம் வேணாங்கறியா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. கோமதி திரையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள்.

"நாலு வருஷம் வேணும்," என்றாள் பெக்கி. "இந்தத் தாள் வேணாம். தண்ணி ஊத்துனாலும் தரமாட்டான், எறும்பு வந்தாலும் தரமாட்டான். அப்படி என்ன கெட்டுடப் போவுது? கெட்டா ஒங்களுக்கு வீடியோ கால் போடறேன், நீங்க சொல்லுங்க, நான் தொறந்து பாக்கறேன்."

"ஷாலினி?"

"நேத்து சொல்லிட்டேன். திட்டுனா."

கோமதி மூக்கை உறிஞ்சிவிட்டு, "போச்சி, என் டார்கெட் போச்சி," என்றாள். "சரி, ரப்பர் கவராவது எடுங்கக்கா. கீபோர்டு மேல போடறது. தண்ணி, எறும்பு ரெண்டுக்கும் ஆவும். அதுல எனக்கு ஒண்ணும் கெடையாது."

எடுத்தேன். நீல நிறம்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று எழுத வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. பார்க்கிங் டிக்கெட்டைத் தேடினேன். பையில் இரண்டு தடவை தேடி, கையிலேயே இருந்தது.

"எடுத்தாச்சா?" என்றார் ஜோ.

"இல்லப்பா. நான் கெடாவுக்குப் போறேன்," என்றாள் பெக்கி.

அவர் காடியை முடுக்கினார். மறுபடி நிறுத்தினார். ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். பின்னால் ஒருவர் இடத்துக்காகக் காத்திருந்து ஹார்ன் அடித்தார்.

"போலாங்க," என்றேன்.


செப். 30, செவ்வாய்

வெயில். ஆறு மணி பஸ்ஸில் கடைசித் தடவை. டிரைவர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

திருப்பிக் கொடுத்தது: அங்கி 3, காலணி 1 ஜோடி, அட்டை, அலமாரிச் சாவி. சாவியை நாலு நாள் முன்பே தேடி வைத்திருந்தேன். வாசலில் காவலர் எப்போதும் போலப் பையைத் திறந்து பார்த்தார். சாப்பாட்டு டப்பா, குடை, இந்த நோட்டு. "ஓகேக்கா," என்றார். எப்போதும் அதைத்தான் சொல்வார்.

அழுதவர்கள் பலர். என்னைக் கட்டிப்பிடித்தும் அழுதார்கள். முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

வீட்டில் ஜோ. சீக்கிரமே வந்து சார்டின் சமைத்திருந்தார். தக்காளி நிறையப் போட்டு. "நல்லா இருக்கா?" "நல்லா இருக்கு." உண்மையில் நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன். டீச்சர் ட்ரெய்னிங் பற்றிப் பெக்கி அவரிடம் சொல்லிவிட்டாள் போல. அவர் என்னைத் தட்டுக் கழுவ விடவில்லை.

பெக்கி சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து, பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் சொல்லும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நீல ரப்பர் மேலே டக் டக் என்று சத்தமே வரவில்லை. ஜோ. அவள் பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"அப்பா வேலை, ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். போட்டுட்டேன்," என்றாள். அப்புறம் கை நின்றது. "அம்மா வேலைன்னு கேக்குது."

ஜோ. என்னைப் பார்த்தார். உடனே ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"காலியா விட்டுடட்டாம்மா? விட்டா போகுமான்னு பாக்கறேன்."

"காலியா விடாத," என்றேன். "டெக்னீசியன்னு போடு."

"இன்னியோட..."

"இன்னிக்குத்தான கேக்குது. இன்னிக்கு அதான்."

அடித்தாள். எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு எழுத்தாக. ஆங்கிலத்தில் நீளமான வார்த்தை. முடிகிற வரை நின்று பார்த்தேன். தொண்டையில் என்னவோ ஏறி நின்றது. சார்டின் முள்ளோ என்று தண்ணீர் குடித்தேன். போகவில்லை.

"அனுப்பட்டா?"

"அனுப்பு."

அனுப்பினாள்.